முருகேசன் செல்வி

ஹங்கேரிய இசைமேதை ஒருவரின் படைப்புகளைப் பயில எங்கள் நால்வர் வயலின் குழு அவருடைய ஊருக்குப் போவதாக இருந்தது. எங்களைத் தயார்ப்படுத்த அங்கிருந்து ஒரு அம்மையார் டெல்லி வந்திருந்தார். ஒட்ட வெட்டிய நரைமுடி. தாளத்தைத் தன் தோளிலேயே தட்டிக்கொள்வார்.

பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் சர்நேம் ஆகிவிட்டதால் டெல்லிக்கு நான் 'முருகேசன் ஜி'. பட்டியலில் 'முருகேசன் செல்வி' என்றிருந்ததைப் பார்த்து அவர் மட்டும் "செல்வி" என்று அழைத்தார். அவர்கள் நாட்டிலும் குடும்பப் பெயர்தான் முன்னால் வருமாம்.

மறுநாளே எங்கள் ஒருங்கிணைப்பாளரும் அந்தப் பெயருக்கே மாறி அவசரப்படுத்தினார். "செல்வி ஜி, ஜல்தி!"

எனக்கு வயலினில் வில் ஓடவில்லை. அம்மையார் கவனித்துவிட்டார்.

"என்ன ஆச்சு?"

"அப்பா தவறி ஒரு வருஷம் ஆச்சு மேடம். வீட்ல அம்மா அவர் பேரைச் சொல்ல மாட்டாங்க. தினமும் சொன்னது இங்க இருக்கறவங்கதான்."

தோளில் தட்டிக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

கடைசி நாள் வருகைப் பதிவில் மற்றவர்களை ஒற்றைப் பெயரால் அழைத்தவர், என் முறை வந்ததும் நிதானமாக, "முருகேசன் செல்வி" என்றார்.

மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் படித்த நாட்களைப் போல எழுந்து நின்றேன், இரண்டு பேருக்குமாக.