கியெம் விற்ற கடைகள்

எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கியெம் முதலில் பார்ப்பது தரையைத்தான். கல்லாவுக்குப் பக்கத்தில், சிவப்பு மாடத்துக்குள் தொந்திச்சாமி உட்கார்ந்திருப்பார். கையில் விசிறி, வாய் நிறையச் சிரிப்பு, முன்னால் ஒரு குவளை கறுப்புக் காப்பி. கடையை விற்றுவிட்டுப் போகிறவர்கள் பெயர்ப்பலகையை விட்டுவிட்டுப் போவார்கள், நாற்காலி மேசையை விட்டுவிட்டுப் போவார்கள், எலும்புச் சாறு காய்ச்சும் பக்குவத்தைக்கூட ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். சாமியை மட்டும் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். வாங்குகிறவர் தன் சாமியோடு வருவார். ஆகவே சாமி மாறியிருந்தால் கடை கை மாறியிருக்கிறது. கடல் தாண்டி வந்து குடியேறியவர்கள் நிறைந்த கார்டன் குரோவில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். குனிந்து பார்க்கிற ஆள் அவர் ஒருவர்தான்.

கை மாறியதை எந்தக் கடைக்காரரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் மறுவாரமே பாதிக் கூட்டம் போய்விடும். அதனால் புது முதலாளி பழைய முதலாளியின் தம்பி என்பார், மச்சான் என்பார், இவ்வளவு நாள் சமையற்கட்டுக்குள் இருந்தேன் என்பார். கியெம் எதையும் நம்பமாட்டார். விமானத்துக்கு போல்ட் செய்யும் பட்டறையில் இருபத்தொன்பது வருடம் பரிசோதகராக இருந்தவர். மைக்ரோமீட்டரை எடுத்துத் தானே அளந்து பார்க்காமல் எந்தச் சீட்டிலும் கையெழுத்துப் போட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு அளப்பதற்குச் சாப்பாடுதான் இருந்தது.

மாட்டெலும்புச் சாற்றில் அரிசி நூடுல்ஸ் போட்டுத் தருகிற ஃபோ கடையில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. சமையற்கட்டின் கதவு தெரிகிற இடத்தில் உட்காருவார். கிண்ணம் வந்ததும் முளைப்பயறு, துளசி, எலுமிச்சை எதையும் தொடாமல் முதல் மூன்று கரண்டி சாற்றை வெறுமனே குடிப்பார். முதல் கரண்டி எலும்புக்கு, இரண்டாவது அன்னாசிப்பூவுக்கும் பட்டைக்கும், மூன்றாவது உப்புக்கு. பிறகுதான் மூங்கில் குச்சியைக் கையில் எடுப்பார். அவர் போவதெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி போட்ட சின்னக் கடைகள்தான். அலங்கார விளக்கு தொங்குகிற கடையில் விளக்கைத்தான் வேகவைத்துத் தருகிறார்கள் என்பது அவர் கட்சி.

கடைவீதி ரொட்டிக்கடை வாசலில் தினம் காலையில் சதுரங்கம் ஆடுகிற பத்துப் பன்னிரண்டு பேருக்கு அவர் சொல்தான் தீர்ப்பு. கியெம் நல்லது என்றால் அன்று மதியமே அந்தக் கடை வாசலில் கார் நிறுத்த இடம் இருக்காது. கெட்டது என்றால் இவர்கள் போகமாட்டார்கள், இவர்கள் வீட்டார் போகமாட்டார்கள், வீட்டார் முடிவெட்டப் போகிற இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் போகமாட்டார்கள்.

முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு குளிர்காலம் முழுவதும் அவர் வீட்டிலேயே கிடந்தார். ஐந்து மாதம் மனைவி லியூவின் சமையல்தான். ஏப்ரலில் கைத்தடியோடு முதன்முதலாக வெளியே கிளம்பி நேராக மஞ்சள் பலகைக் கடைக்குப் போனார். சுவான் நடத்துகிற கடை. பதினாறு வருடமாக அவர் குறை சொல்லாத ஒரே கடை.

முதல் கரண்டி சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவது கரண்டியில் நாக்கு சுருங்கியது. உப்பு. எலும்பைக் குறைத்துவிட்டு மீன் சாஸை ஊற்றி ஈடுகட்டினால் எப்படி இருக்குமோ அப்படி.

குனிந்து பார்த்தார். சாமி மாறியிருந்தார். பழையவர் பழுத்த நிறத்தில் இருப்பார். இவர் முகம் பளபளவென்று இளஞ்சிவப்பில் இருந்தது. சமையற்கட்டின் கதவு ஆடியபோது உள்ளே தெரியாத முகம் ஒன்று மாட்டிறைச்சி அரிந்துகொண்டிருந்தது.

சுவான் வெந்நீர் கொண்டுவந்து வைத்தாள். "கால் எப்படி இருக்குண்ணே? ஆளே இளைச்சிட்டீங்க."

"சாமி புதுசா இருக்கே."

"பழையவரைத் தம்பி தொடப்பத்தால இடிச்சிட்டான். காது ஒடைஞ்சிடுச்சு. காது கேக்காத சாமிகிட்ட என்னத்த வேண்டறது?"

"தம்பியா? பதினாறு வருஷமா உனக்குத் தம்பி இருக்கறதா நீ சொன்னதே இல்லயே."

"நீங்க சாத்தைப் பத்தித்தானே பேசுவீங்க. குடும்பத்தைப் பத்தி எப்ப கேட்டீங்க? கான்சஸ்ல இருந்தான். இப்பதான் வந்தான்."

கேள்விக்கு முன்னாலேயே பதில் தயாராக இருக்கிறது என்று கியெம் நினைத்துக்கொண்டார். பட்டறைக்குச் சரக்கு கொண்டுவருகிறவன் தடுமாறாமல் பேசினால் பெட்டியை இன்னொரு தடவை பிரிக்கச் சொல்வார். கிண்ணத்தில் பாதியை மீதி வைத்து எழுந்தார்.

அன்று சதுரங்க மேசையில் ஒரே வரிதான் சொன்னார். "மஞ்சள் கடை கை மாறிடுச்சு."

"சுவான் வித்துட்டாளா?" என்றார் டாக். முன்னாள் முடிதிருத்துகிறவர், கியெமைவிட இரண்டு வயது மூத்தவர். "நேத்துகூடக் கல்லாவுல பாத்தனே."

"கல்லாவுல உக்காரச் சம்பளம் குடுத்திருப்பாங்க."

டாக் தலையாட்டினார். மூன்று வாரத்தில் மஞ்சள் கடை வாசலில் எந்த நேரத்திலும் கார் நிறுத்த இடம் கிடைத்தது.

கியெம் அடுத்த நல்ல கடையைத் தேடினார். காலைக்கு ஒரு கடை. செவ்வாயன்று பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற கடை. உப்பு. சாமி பழையவர்தான், ஆனால் அவருக்கு முன்னால் வைத்திருந்த வாழைப்பழம் வழக்கமான ரகம் இல்லை. புதனன்று மீன்சந்தைக்குப் பக்கத்துக் கடை. உப்பு. வெள்ளியன்று பன்றிக்கறிச் சோறு போடுகிற கடை. அதுவும் உப்பு, கூடவே புது நாட்காட்டி. ஒவ்வொன்றையும் சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். ஒவ்வொன்றையும் மேசையில் சொன்னார்.

"ஒரே மாசத்துல ஒம்போது கடைய வித்துட்ட," என்றார் டாக், குதிரையை நகர்த்திக்கொண்டே. "வீடு விக்கிற தரகனே இந்த ஊர்ல இவ்ளோ வேகமா வித்ததில்ல. எங்களுக்குச் சாப்பிட ஒண்ணாவது விட்டு வைப்பா."

மற்றவர்கள் சிரித்தார்கள். கியெம் சிரிக்கவில்லை. யாரோ ஒரே ஆள் காதும் காதும் வைத்தாற்போல எல்லாக் கடைகளையும் வாங்குகிறான், ஒரே இடத்தில் சாறு காய்ச்சி வாளியில் அனுப்புகிறான் என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது. இரண்டு நாள் விடிகாலையில் மீன்சந்தைக்கு எதிரே காரில் உட்கார்ந்து, வாளி ஏதாவது இறங்குகிறதா என்று பார்த்தார். ஐஸ்தான் இறங்கியது.

மே மாதக் கடைசியில் டாக்கின் அப்பாவுக்குத் திதி. நாற்பது பேருக்குச் சாப்பாடு. டாக்கின் மனைவி வைக்கிற புளிப்பு மீன்குழம்பைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை. கியெம் ஒரு கரண்டி வாயில் விட்டார். உப்பு. கரண்டியை வைத்துவிட்டு மேசையைச் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் சோற்றில் ஊற்றி ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் மட்டும் கரண்டிக்கு ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அது லியூ.

டாக்கின் வீடு கை மாறவில்லை. அவர் மனைவியும் மாறவில்லை.

பட்டறையில் முதல் வாரமே கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. ஒரு போல்ட் அளவு தப்பினால் போல்டைச் சந்தேகப்படு. பெட்டியில் உள்ள எல்லாம் ஒரே அளவுக்குத் தப்பினால் கையில் இருக்கிற கருவியைச் சந்தேகப்படு. ஒரு மாதமாக அவர் சட்டைப்பையில் இருந்த நோட்டில் பதினொரு கடை இருந்தது. பதினொன்றுக்கும் பக்கத்தில் ஒரே வார்த்தை.

வீட்டுக்கு வந்ததும் சமையலறை அலமாரியைத் திறந்தார். மீன் சாஸ் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முக்கால்வாசி இருந்தது. முன்பெல்லாம் மாதம் ஒரு புட்டி வாங்கி வருவது அவர் வேலை. கடைசியாக எப்போது வாங்கினார் என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை.

"எத்தன நாளா?" என்றார்.

லியூ காதணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "ஆப்பரேஷனுக்கு முன்னாடி டாக்டர் ரத்த அழுத்தம் பாத்தாரே, அன்னிலேருந்து."

"எவ்ளோ?"

"முதல் வாரம் அரைக் கரண்டி குறைச்சேன். பத்து நாள் கழிச்சி இன்னொரு அரை. இப்ப முன்ன போட்டதுல கால்வாசி."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"சொல்லியிருந்தா கரண்டிய அளந்து பாத்திருப்பீங்க. சொல்லல, அதனால ஒங்களுக்குத் தெரியல. அஞ்சு மாசம் ரெண்டு வேளையும் சாப்பிட்டீங்க, ஒரு நாளாவது சப்புன்னு இருக்குன்னீங்களா?"

ஊரில் இருக்கிற ஒவ்வொரு சமையற்கட்டையும் எட்டிப் பார்த்த கியெம் தன் வீட்டுச் சமையற்கட்டை எட்டிப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். "சுவான் கடைய நான் வாயாலயே வித்துட்டனே," என்றார்.

"அதத்தான் நானும் யோசிச்சிட்டிருந்தேன். போய்ச் சொல்லிட்டு வாங்க."

"என்னன்னு சொல்றது? என் நாக்கு கெட்டுப்போச்சுன்னா?"

"கெட்டுப்போகல. வீட்டுக்கு அடங்கிடுச்சுன்னு சொல்லுங்க."

மறுநாள் காலை பத்து மணிக்கு மஞ்சள் கடையில் அவரைத் தவிர யாரும் இல்லை. சுவான் கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்து வரவில்லை.

"யார் அனுப்பினாங்க ஒங்கள?" என்றாள்.

"யாரும் அனுப்பல."

"போன வாரம் கட்டம்போட்ட கோட்டுக்காரன் வந்தான். கடை காத்தாடுதே, குடுத்துடுங்கன்னான். ஞாயித்துக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். மொதல்ல நீங்க வந்து வித்தாச்சுன்னு ஊர் பூரா சொல்றீங்க, கூட்டம் கொறையுது, அப்புறம் அவன் அடிமாட்டு விலைக்குக் கேக்கறான். அவன் ஒங்களுக்கு என்ன உறவு?"

கியெம் இதை எதிர்பார்க்கவில்லை. அவளிடத்தில் தான் இருந்தாலும் இப்படித்தான் நினைத்திருப்போம் என்று பட்டது. மீன் சாஸ் புட்டியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். சமையற்கட்டின் கதவு பாதி திறந்து, தம்பியும் கேட்டுக்கொண்டு நின்றான். சுவானைப் போலவே சப்பை மூக்கு, ஒரு பக்கம் ஏறிய புருவம். அன்றைக்கு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இந்த மூக்கு தெரியாமல் போயிருந்தது.

"இத எங்கிட்ட சொல்லி என்ன பிரயோசனம்?" என்றாள் சுவான். "எங்க வித்தீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

சொன்னார். சதுரங்க மேசையில் எல்லோரும் காய்களை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். தன் நாக்கைப் பற்றி, கால் கரண்டியைப் பற்றி, மஞ்சள் கடை கை மாறவே இல்லை என்பதைப் பற்றி. இனிமேல் எந்தக் கடையைப் பற்றியும் தன்னைக் கேட்கவேண்டாம் என்பதையும்.

டாக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். "எத்தன பங்கு?" என்றார்.

"என்ன பங்கு?"

"கடைய நீதான வாங்கியிருக்க. அதான் மொதல்ல கெட்டதுன்ன, வெல எறங்குச்சு. இப்ப நல்லதுங்கற. எங்களுக்கு என்ன காது குத்தறியா?"

"பொண்டாட்டி உப்பக் கொறச்சாளாம், இவருக்குத் தெரியலயாம்," என்றார் இன்னொருவர். "மயிரிழை அளந்த மனுஷனுக்கு."

கியெம் எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. சொல்லச் சொல்ல அவர்களுக்குச் சந்தேகம் வலுத்தது. அவருக்கும் அது புரிந்தது. பதில் தயாராக இருக்கிறவனை அவரும்தான் நம்பியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மஞ்சள் கடைக்குப் போனபோது வாசலில் இடமில்லை. மூன்று சுற்று சுற்றி, ரொட்டிக்கடைப் பக்கம் காரை விட்டுவிட்டு, தடியை ஊன்றி நடந்துவந்தார். உள்ளே சதுரங்க மேசை முழுவதும் உட்கார்ந்திருந்தது, அவரவர் மனைவியோடு. ஒருவர் கல்லா ஓரம் குந்தி உட்கார்ந்து சாமியின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக் சமையற்கட்டின் கதவு தெரிகிற நாற்காலியில், கியெமின் நாற்காலியில், இருந்தார். முளைப்பயறைத் தொடாமல் மூன்றாவது கரண்டியை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். கட்டம்போட்ட கோட்டுக்காரர் ஒருவர் கல்லாவுக்கு முன்னால் நின்று சுவானிடம் ஏதோ கேட்டார்.

"இப்ப பேச நேரமில்ல," என்றாள் சுவான், இரண்டு கையிலும் கிண்ணத்தோடு. "கூட்டத்தப் பாக்கறீங்கள்ல."

"எப்படி இருக்கு?" என்று கியெம் டாக்கைக் கேட்டார்.

"எங்கள ஏன் கேக்கற? முதலாளிக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு டாக் நான்காவது கரண்டி எடுத்தார். கிண்ணம் காலியாகும்வரை தலை நிமிரவில்லை.

இடம் கிடைக்க இருபது நிமிடம் ஆயிற்று. சுவான் அவருக்கு ஒரு கிண்ணமும், கூடவே ஒரு குவளை வெந்நீரும் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை. இடுப்பில் கைவைத்து அவர் கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கதவிடுக்கில் தம்பியும் பார்த்தான். நாலு மேசை தள்ளி டாக்கும்.

கியெம் பாதிக் குவளை வெந்நீரைச் சாற்றில் ஊற்றிக் கலக்கினார். ஒரு கரண்டி குடித்தார். உப்பு சரியாக இருந்தது. பட்டை ஒரு சுற்றுக் குறைவோ என்று பட்டது.

அதை அவர் யாரிடமும் கேட்கவில்லை. இன்னொரு கரண்டி எடுத்தார்.