மியென் பின்னால் உட்காருவதில்லை

மியெனின் கணவன் கோய் இறந்த நூறாம் நாள் சடங்கு முடிந்து, படையலில் வைத்த கோழியும் ஒட்டரிசிச் சோறும் பந்திக்கு வந்தபோதே அவன் தம்பி துவான் வண்டிப் பேச்சை எடுத்துவிட்டான்.

"அண்ணி, கொட்டாயில நிக்கிற உங்க வண்டிய ஒருத்தன் கேக்குறான். குடுத்துடலாமா?"

மியென் பதில் சொல்வதற்குள் மகள் லுவா முந்திக்கொண்டாள். "குடுத்துடுங்க சித்தப்பா. அம்மா இனிமே வண்டியத் தொட்டா நான் இந்த வீட்டுல சாப்பிட மாட்டேன்."

பதினேழு வயதுப் பெண். சொன்னால் செய்துவிடுவாள் என்று பந்தியில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள் மியென். அதற்குப் பிறகு அவள் வண்டியை விற்கவும் இல்லை, அதில் ஏறவும் இல்லை.

ஹனோய்க்குக் கிழக்கே, சிவப்பாற்றை ஒட்டி, வீட்டுக்கு வீடு தொட்டியில் குட்டி ஆரஞ்சு வளர்க்கிற ஊர் அது. தெத் புத்தாண்டு நெருங்கினால் நகரத்தில் எல்லோர் வீட்டுக்கும் பழம் குலுங்கும் மரம் ஒன்று வேண்டும். மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டித்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஆள் உயர மரத்தை நெரிசலுக்குள் நுழைத்து, ஒரு பழம் உதிராமல் இறக்குவதில் மியெனை அடித்துக்கொள்ள ஆளில்லை. கோயே அவளிடம்தான் மரம் கட்டக் கற்றுக்கொண்டான். "என் பொண்டாட்டி ஓட்டினா மரமே தூங்கிடும்" என்று டீக்கடையில் பீற்றிக்கொள்வான்.

அவனை ஒரு மழைக் காலையில், ஆற்றங்கரைச் சாலை வளைவில், மணல் லாரி அடித்துப் போட்டது. தவறான பக்கத்தில் வந்தது லாரிதான். கோய் ஓரமாக, மெதுவாகத்தான் போயிருக்கிறான். லுவாவுக்கு அதுதான் தாங்கவில்லை. ஒழுங்காக ஓட்டினவரே போய்விட்டார் என்றால் அம்மாவின் சாமர்த்தியம் எதற்கு ஆகும்?

மியென் மகளுக்காக நடந்து பார்த்தாள். பஸ்ஸில் போய்ப் பார்த்தாள். தொட்டியும் எருவும் வாங்கிவிட்டு ஏறப்போனால் கண்டக்டர் கதவை மறித்துக்கொண்டு நின்றான். வேறு வழியில்லாமல் போகிறவர் வருகிறவரின் வண்டியில் தொற்றிக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு ஓட்டினாள். உரக்கடைக்காரர் பின்னால் திரும்பிப் பார்த்தபடி கதை சொல்லிக்கொண்டே ஓட்டினார். மியெனின் வலது கால் மட்டும் இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கெண்டைக்கால் இறுகிப் போயிருக்கும்.

தெத்துக்கு முந்தைய மாதம், நகரத்தில் வாடிக்கைக்காரர் ஒருவரைப் பார்க்கத் துவானோடு போனாள். திரும்பும்போது, பாலத்தின் நடுவில், இரண்டு பக்கமும் வண்டிகள் உரசிக்கொண்டு போகிற நேரத்தில், துவானுக்குப் போன் வந்தது. எடுத்துக் காதில் வைத்தான். ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மரத்துக்கு விலை பேசினான். பின்னால் பஸ் ஹாரன் அடித்துத் தீர்த்தது. மியென் பல்லைக் கடித்துக்கொண்டு பாலம் முடியும்வரை பொறுத்தாள். பிறகு அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"நிறுத்துடா."

"என்ன அண்ணி, தல சுத்துதா?"

"நீ ஓட்டுறதப் பாத்தா செத்தவனுக்கே தல சுத்தும். எறங்கு. நான் ஓட்டுறேன். நீ பின்னால உக்காந்து ராத்திரி வரைக்கும் பேசு."

"லுவாவுக்குத் தெரிஞ்சா என்னத் தொலைச்சிடுவா."

"அவகிட்ட நானே சொல்லிக்கிறேன். எறங்கு."

துவானைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். கோய் அடிபட்ட அந்த வளைவு வந்தபோது மியென் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வேகத்தைக் குறைத்து, எதிரே என்ன வருகிறது என்று பார்த்தாள். மணல் லாரிதான் வந்தது. புல்மேல் ஒதுங்கிக் காலை ஊன்றி நின்றாள். லாரி புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது. அப்போதுதான் அழுகை வந்தது. வந்த மட்டும் அழுதாள். பின்னால் இருந்த துவானின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது, அவன் எடுக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டாள்.

வாசலிலேயே லுவா நின்றிருந்தாள். "நீயா ஓட்டிட்டு வந்த?"

"ஆமா."

"அப்பாவுக்கு ஆனது மறந்துடுச்சா?"

"மறக்கல. உங்கப்பா வண்டியிலதான் செத்தாரு. எனக்கு அப்படி ஆகாதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா பின்னால உக்காந்தாலும் அதே ரோடு, அதே லாரி. ஓட்டுறது மட்டும் வேற ஆளு. ஒருத்தி கொடையோட ஓட்டுறா, ஒருத்தன் போனோட ஓட்டுறான். என் உசுர ஏன் அவங்க கையில குடுக்கணும்? என் கை நல்லாத்தான இருக்கு?"

"எங்கயும் போகாம இரு."

"அது என்னால முடியாதுடி. ஓட்டுறதுன்னு முடிவு பண்ணிட்டேன். எப்படி ஓட்டணும்னு நீ சொல்லு, கேட்டுக்கிறேன்."

லுவா தட்டையும் சாப்பாட்டுக் குச்சிகளையும் எடுத்துக்கொண்டு சித்தப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். சில நாள் அங்கேதான் சாப்பாடு. "அண்ணி, உங்க பொண்ணு எங்க மீனையெல்லாம் காலி பண்ணிட்டா, சீக்கிரம் சமாதானமாகுங்க" என்று துவான் மனைவி வேலிக்கு மேலே கத்தினாள். மியென் சிரித்தாளே தவிரக் கூப்பிடப் போகவில்லை.

ஒரு மாலை லுவா தானாக வந்து அடுப்பு முன் உட்கார்ந்தாள்.

"மழையில கரை ரோட்டுல போகக் கூடாது."

"சரி."

"ஒரு தடவைக்கு ஒரு மரம்தான். அந்த முட்டை ஓடு மாதிரி இருக்குற ஹெல்மெட்டத் தூக்கிப் போட்டுட்டு நல்லதா வாங்கணும். போய்ச் சேந்ததும் போன் பண்ணணும்."

"சரி. வேற?"

"பாலத்து மேல போகக் கூடாது."

"அப்போ மரத்தைத் தலையில வச்சுட்டு ஆத்துல நீந்தட்டுமா?"

லுவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அன்று வீட்டிலேயே சாப்பிட்டாள்.

அந்த வருஷம் தெத்துக்கு முன் நாலைந்து நாள் விடாத தூறல். மியென் வண்டியை எடுக்கவில்லை. சிலர் வேறு இடத்தில் மரம் வாங்கிக்கொண்டார்கள். அவள் அதற்காக வருந்தவும் இல்லை. மறுவருஷம் லுவாவின் தோழிகளெல்லாம் லைசென்ஸ் எடுத்தார்கள். "நான் ஓட்டப் போறதில்லம்மா. பஸ்ஸே போதும்" என்றாள் லுவா. மியென் வற்புறுத்தவில்லை. பயம் இருக்கிறவள் பயத்தோடு இருக்கட்டும், அதிலும் ஒரு நியாயம் உண்டு என்று விட்டுவிட்டாள்.

வானம் வெளுத்த ஒரு பகலில், நகரத்து சிக்னலில், முதுகுக்குப் பின்னால் தலைக்கு மேல் பழம் தொங்க நின்றிருந்தாள். பக்கத்து வண்டிக்காரன் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, நீங்க மரத்தை ஓட்டுறீங்களா, மரம் உங்கள ஓட்டுதா?"

"ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டுறோம். நீ மொதல்ல போனக் கீழ வை."

அவன் அசடு வழியப் போனைப் பைக்குள் போட்டான். பச்சை விழுந்தது.