தவிட்டுக்கு வாங்கிய மகள்

பினாங்கு ரோட்டில், காலைப் பூசை முடிந்து வருகிறவர்களுக்கு ஆப்பம் சுட்டுக் கொடுக்கும் மதலேனம்மாளை எல்லாரும் தவுட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மதலேன் என்பது ஞானஸ்நானப் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பக்கத்து வீட்டுக்காரரே, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று கையை விரித்துவிடுவார். தவுடு என்று கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வருவதில்லை. ஒரே ஒரு வருஷம்தான் வந்தது. அது அவருடைய பதினாலாவது வயதில், ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் உறுதிப்பூசுதல் சடங்குக்கு மேற்றிராணியார், அதாவது பிஷப், சிங்கப்பூரிலிருந்து வருகிறார் என்று கோயிலில் அறிவித்த வருஷம்.

பினாங்குப் பட்டணத்தில் மின்சார டிராம் ஓடத் தொடங்கிக் கொஞ்ச காலந்தான் ஆகியிருந்தது. அப்பா வேதநாயகம் அதில் கண்டக்டர். அம்மா அமலம்மாள். கீழே ஒரு தம்பி, வில்லியம். பிறந்ததிலிருந்தே தவுடு, தவுட்டுக்குட்டி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்ததால், ஏன் அப்படி என்று மதலேனுக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை. தலைமுடி ஏன் கறுப்பாக இருக்கிறது என்று யார் கேட்கிறார்கள்?

ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் அக்காவுக்கும் தம்பிக்கும் ஏதோ சண்டை. வில்லியம் கத்திவிட்டு ஓடினான். "போடி! உன்னைத் தவுட்டுக்குத்தானே வாங்குனாங்க! அம்மாவே சொன்னாங்க!"

கூட நின்ற சீனத்துப் பிள்ளை செசிலியா, தம்பி என்ன சொன்னான் என்று மலாய் மொழியில் கேட்டாள். மதலேன் சொன்னாள். செசிலியாவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

"எங்க வீட்டிலயும் ஒருத்தி இருக்கா. சின்னப் பிள்ளையா இருக்கையில அம்மா வாங்குனாங்க. தட்டு கழுவுவா, துணி துவைப்பா, அடுப்படியிலதான் சாப்பிடுவா. பெத்தவ யாருன்னு அவளுக்கே தெரியாது."

வீட்டில் ஒரு கிளி இருக்கிறது என்பதுபோல அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் மதலேன் தன் வீட்டைப் புதுக் கண்ணால் பார்த்தாள். தட்டு கழுவுவது யார்? அவள். துணி எடுப்பது? அவள். அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவது? அவள். வில்லியமோ அப்பாவோடு கூடத்தில் சம்மணம் போட்டுக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் குழம்பு" என்றான். பக்கத்திலேயே அம்மாவும் அடுப்படியில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள் என்பது மட்டும் அந்தப் பிள்ளையின் கண்ணில் படவில்லை.

மறுநாள், மாவாட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேவிட்டாள்.

"அம்மா, என்னை வாங்குனியா?"

"ஆமா, ஒரு படி தவுட்டுக்கு. இப்பத் திருப்பிக் குடுத்தாக்கூட உன்னை எடுத்துக்க ஆள் இல்ல. மழை வருது, போய்த் துணிய எடு."

"யார்கிட்ட வாங்குன?"

"நூர்ஜான்கிட்ட. வேற யாரு?" அமலம்மாள் குழவியை விட்டுக் கையை எடுக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

நூர்ஜான் முன்பு பக்கத்து வீட்டில் குடியிருந்தவர். பிறகு ஊருக்கு வெளியே ஆயர் ஈத்தாம் என்ற இடத்துப் பக்கம் போய்விட்டார். எப்போதாவது ஜாதிக்காய் ஊறுகாயோடு வருவார். வந்ததும் மதலேனைக் கட்டிப்பிடித்து, "எம் மவளே!" என்பார். வில்லியமை அப்படிச் சொன்னதில்லை. இப்போது எல்லாம் பொருந்திப் போயிற்று.

பொருந்தப் பொருந்தக் குழப்பந்தான் கூடிற்று. நூர்ஜான் பெற்ற பிள்ளையென்றால் தான் யார்? முக்காடு போட வேண்டியவளா, ஜெபமாலை சொல்ல வேண்டியவளா? அருள் நிறைந்த மரியே என்று தொடங்குவாள், பாதியில் நின்றுவிடும். இன்னொரு பிள்ளைக்கு வைத்திருந்த சோற்றை எடுத்துச் சாப்பிடுவதுபோல் இருக்கும். உறுதிப்பூசுதல் ஆத்துமத்தில் பதிக்கிற அழியாத முத்திரை என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருந்தாள். அது தப்பான ஆள்மேல் விழுந்துவிட்டால் யார் அழிப்பது? மேற்றிராணியாருக்கு முன்னால் போய் முழங்காலில் நிற்பதற்குள் இது தெரிந்தாக வேண்டும்.

சனிக்கிழமை ஞானோபதேசத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு டிராம் ஏறினாள். அன்று கண்டக்டர் அப்பா இல்லை, பிச்சைமுத்து.

"அடடே, வேதநாயகண்ணன் மவதானே? உக்காரு தாயி" என்று, டிக்கெட் கேட்காமலே அவளைத் தாண்டிப் போனார்.

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் போதும். பத்துக் கட்டளைகளில் பொய் சொல்லாதிருப்பாயாக என்ற கற்பனை குறுக்கே வந்து நின்றது. அந்தோணியாருக்கு மெழுகுதிரி வைக்க அம்மா கொடுத்திருந்த காசை நீட்டினாள். "டிக்கெட் குடுங்கண்ணே."

"என்ன புள்ள, அப்பாகூடச் சண்டையா?"

"டிக்கெட் குடுங்க."

பிச்சைமுத்து கிழித்துக் கொடுத்தார். "அப்பன் வண்டியில காசு குடுத்து ஏர்ற முத ஆளு நீதான்லா."

டிராம் நிற்கிற கடைசி இடத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் நூர்ஜான் வீடு. வாசலில் சாக்கு விரித்து ஜாதிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மகன் யூசுப் அவற்றை முறத்தில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தான். மதலேனைவிட ஒரு வயது மூத்தவன்.

"உம்மா, கழுத்துல சிலுவை போட்ட வேதக்காரப் புள்ள ஒண்ணு வந்து நின்னு அழுவுது."

"வாடி எம் மவளே! தனியாவா வந்தே?"

"நான் உங்க பிள்ளையா?" என்றாள் மதலேன்.

"ஆமா. அதுல என்ன சந்தேகம்?"

வழியெல்லாம் இந்தப் பதிலுக்குத் தயாராகித்தான் வந்திருந்தாள். "அப்ப ஏன் என்னை வித்தீங்க?"

நூர்ஜான் கையிலிருந்த கத்தி நழுவ விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார்.

"உங்கம்மாவுக்கு உனக்கு முந்தி மூணு பிள்ள. ஒண்ணும் தங்கல. நீ பொறந்ததும் துணியில சுத்தி எங்கிட்ட நீட்டி, 'அக்கா, இது உம் பிள்ள, எனக்குப் பொறக்கல'ன்னா. சாவு தேடிட்டு வந்தா வீடு மாறிப் போவட்டும்னுதான். விடிஞ்சதும் ஒரு படி தவுடு கொண்டாந்து குடுத்து, அடுத்த வீட்டுப் பிள்ளைய வாங்குற மாதிரி வாங்கிட்டுப் போனா. தவுட்டைக் கோழிக்குப் போட்டேன். அவ்வளவுதான்."

"அப்ப நான் அம்மா பெத்த பிள்ளதானே?"

"பின்ன?"

"இப்பத்தானே உங்க பிள்ளைன்னு சொன்னீங்க?"

"அதுவுந்தான். அன்னைக்கு ராத்திரி நீ ஒரே கத்து. யூசுப்பு அப்பக் கைப்பிள்ள. அவனுக்கு ஒரு பக்கம், உனக்கு ஒரு பக்கம்னு பால் குடுத்தேன். எங்க மார்க்கத்துல பால் குடிச்சா பிள்ளதான். இவன் உனக்குக் காக்கா, அண்ணன் முறை. நாளைக்கு ஆசைப்பட்டாலும் உன்னை நிக்காஹ் பண்ண முடியாது."

"யாரு ஆசப்பட்டா?" என்றான் யூசுப். "மூக்கு ஒழுவுறத மொதல்ல தொடைக்கச் சொல்லுங்க."

ஒரு முடிச்சோடு வந்தவள் இரண்டு முடிச்சோடு திரும்பினாள். அதே டிராம், அதே பிச்சைமுத்து. கையில் காசில்லை. திரும்பி வருவதைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை.

"அண்ணே, நான் வேதநாயகம் மவதான்."

"அதைத்தானே நான் காலையிலயே சொன்னேன்?"

"காலையில எனக்குத் தெரியலண்ணே."

பிச்சைமுத்து அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு மணியை அடித்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அமலம்மாள் ஜாதிக்காய் வாசனையைப் பிடித்துவிட்டாள். அடி விழும் என்று மதலேன் ஒதுங்கி நின்றாள். விழவில்லை.

"பால் குடுத்ததைச் சொன்னாளா?"

"ம்."

அமலம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருந்த பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் படுத்திருந்தேன். நீ கத்துறது கேக்குது. பால் கட்டி மாரு கல்லாட்டம் இருக்கு. விடியாம உன்னை வாங்கக் கூடாது. அப்புறம் நீ சட்டுனு நிறுத்திட்டே. செத்துட்டியோன்னு நினைச்சேன். பொறவு நீ அவகிட்ட பால் குடிக்கிறேன்னு புரிஞ்சுது. அந்த ரெண்டுல எது அதிகமா வலிச்சுதுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலடி. பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டயும் சொல்லல. எந்தப் பாவத்துல சேத்துச் சொல்றது?"

மதலேன் கழுவக் கிடந்த தட்டுகளை எடுத்தாள். அம்மா அவற்றைப் பிடுங்கி வைத்தாள். "வில்லியம்! இங்க வா. இன்னைக்கு நீ கழுவு."

"நானா? எதுக்கு?"

"உன்னையும் நான் சும்மா பெக்கல, அதுக்கு."

மேற்றிராணியார் வந்தார். நெற்றியில் எண்ணெயால் சிலுவை வரைந்து, முறைப்படி கன்னத்தில் லேசாக ஒரு தட்டுத் தட்டினார். மதலேன் அந்தத் தட்டுக்காகவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தன்னிடம் ஏதாவது தப்பிருந்தால் அப்போது தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தாள். கை வெதுவெதுப்பாக இருந்தது. எண்ணெய் மணந்தது. நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவர் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

வெளியே கோயில் வாசலில் அப்பாவும் அம்மாவும் நின்றார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம், யூசுப் குடை பிடிக்க, ஊறுகாய் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு நூர்ஜான் உட்கார்ந்திருந்தார். அவரை வரச் சொன்னது அமலம்மாள்தான். இரண்டு பக்கமும் கை அசைந்தது. வெள்ளை உடுப்போடு மதலேன் நடுரோட்டில் நின்றுவிட்டாள். எங்கே முதலில் போவது?

டிராம் மணி அலறிற்று. பிச்சைமுத்து படியில் தொங்கிக்கொண்டு கத்தினார். "ஏ தவுடு! ஓரமாப் போ!"

ஓரமாகப் போனாள். எந்தப் பக்கத்து ஓரம் என்று ஆப்பம் வாங்க வருகிறவர்கள் யாராவது கேட்டால், மதலேனம்மாள் மூடியைத் தூக்கி, ஆப்பம் வெந்துவிட்டதா என்று பார்ப்பார்.