நாற்பத்தொரு வீடுகளின் உப்பு

அம்மா இறந்து இருபத்துமூன்று நாள் ஆகிறது. சான்றிதழில் மாரடைப்பு என்று இருக்கிறது. வேறு காரணம் தேட என்னிடம் தரவு இல்லை.

பெயர் காத்தாயி. வயது ஐம்பத்தாறு. செஞ்சியில் பத்தாம் வகுப்பு முடித்தவள். நைனா, என் அப்பா, இறந்தபோது எனக்குப் பதினாறு. அதன் பிறகு நூறு நாள் வேலையில் வந்தவர்கள் பெயரை எழுதும் பொறுப்பு அவளுக்குக் கிடைத்தது. எழுத்து திருத்தமாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் உப்பு ஆய்வுக்காரர்கள் அவளைக் களப்பணிக்கு எடுத்தார்கள். நான் புள்ளியியல் படித்துவிட்டுச் சென்னையில் மருந்து ஆய்வுகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். அவள் வேலையில் சேர்ந்த அன்று போனில், "இனிமே நானும் உன்ன மாதிரிதான்டா" என்றாள்.

ஆய்வின் கேள்வி எளியது. இந்தப் பக்கத்து மக்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு தின்கிறார்கள்? வாயால் கேட்டால் சரியான விடை வராது. தின்ற உப்பில் பெரும்பங்கு சிறுநீரில் வெளியேறிவிடும். ஆகவே ஒருவரின் சிறுநீரை ஒரு காலையிலிருந்து மறு காலை வரை, ஒரு சொட்டு விடாமல், ஐந்து லிட்டர் கேனில் பிடிக்க வேண்டும். கேனைக் கொடுப்பதும் வாங்குவதும் அம்மாவின் வேலை. சிங்கவரமும் அனந்தபுரம் சாலையில் மூன்று ஊர்களும் அவள் பொறுப்பு.

முதல் வாரம் பெண்கள் யாரும் கேன் வாங்கவில்லை. களை பறிக்கப் போகிற இடத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு எப்படிப் போவது? அம்மா பழைய ஒயர் கூடைகளைத் தேடிப் பிடித்தாள். கேனைக் கூடைக்குள் வைத்து மேலே ஒரு துண்டைப் போட்டால் சோற்றுக் கூடை. அதன்பின் வாங்கினார்கள். நிரம்பிய கேன்களோடு அவள் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கிண்டல் பண்ணாமல் விடமாட்டார்.

"இன்னாக்கா, மோரா? எனுக்கு ஒரு டம்ளரு ஊத்து."

"ஊத்துறன், குடி. அப்புறம் உனுக்கும் ஒரு கேன் தரன், ரொப்பிக் குடு."

நான்காம் மாதம் பிரச்சினை வந்தது. ஆய்வகத்திலிருந்து முதல் முடிவுகள் வந்தன. மற்றப் பணியாளர்களின் ஊர்களில் ஆளுக்குச் சராசரி பதினோரு கிராம் உப்பு. அம்மாவின் பட்டியலில் மட்டும் நாற்பத்தொரு வீடுகள் ஐந்தரை கிராமில் நின்றன. மேற்பார்வையாளர் சிவசங்கர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டிருக்கிறார்.

"உண்மைய சொல்லுங்கக்கா. பாதி கேன் வந்ததுல தண்ணி ஊத்தி ரொப்பிட்டீங்களா?"

அந்தச் சனிக்கிழமை நான் வீட்டுக்குப் போனபோது அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையே மறுபடி மடித்தாள்.

"வேல போனா போவுது எழிலு. தண்ணி ஊத்துனவன்னு பேரு வந்துட்டா நான் சிங்கவரத்துல யார் வாசல்ல போய் நிப்பேன்? வெக்கத்த வுட்டுக் குடுத்தாங்கடா அதுங்க."

திங்கட்கிழமை தலைமை ஆய்வாளர் டாக்டர் ரஞ்சனி வருவார், அவர் முன்னால் பதில் சொல்ல வேண்டும். இடையில் ஒன்றரை நாள்.

முடிவுத் தாளை வாங்கிப் பார்த்தேன். உப்புக்கு அடுத்த கட்டத்தில் கிரியாட்டினின் இருந்தது. அது தசையிலிருந்து வரும் கழிவு. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான் வெளியேறும். பாதி கேனில் தண்ணீர் கலந்திருந்தால் அதுவும் பாதியாகியிருக்கும். ஆகவில்லை. நாற்பத்தொரு பேருக்கும் முழு அளவு இருந்தது.

"நீ தண்ணி ஊத்தலம்மா. இதுலயே இருக்குது."

"அது எனுக்குத் தெரியாதா? அத நீ கண்டுபுடிக்கணுமா?"

"ஆனா அவங்க நெஜமாவே பாதி உப்புதான் தின்னுருக்காங்க. ஏன்?"

அவளுடைய நோட்டை எடுத்தேன். நாற்பத்தொரு வீடுகளும் மூன்றே நாள்களில் முடிக்கப்பட்டிருந்தன. பதின்மூன்று, பதினான்கு, பதினான்கு. முதல் இரண்டு நாள்களுக்கு நடுவே இருபத்தொன்பது நாள். அடுத்த இடைவெளி முப்பது.

"ஒரே நாள்ல எப்டிம்மா பதினாலு வீடு? மத்த நாள்ல மூணுக்கு மேல போவலியே?"

"அது அமாவாசடா. அன்னிக்கு ஏர் பூட்ட மாட்டாங்க. கொத்தனாரு, சித்தாளு எல்லாம் லீவு. காலையில போனா மொத்த ஊரும் வீட்ல இருக்கும். மத்தவங்களுக்கு இந்த வெவரம் தெரில." பெருமையாகத்தான் சொன்னாள்.

"அமாவாசைக்கு இன்னா சாப்புடுவாங்க?"

"இன்னா சாப்புடுவாங்க, ஒரு பொழுதுதான். காக்காக்கு வச்சிட்டு, வாழக்கா, பூசணிக்கா சாம்பாரு…" கை நின்றது. "கருவாடு கெடையாது."

நோட்டிலிருந்த மூன்று தேதிகளையும் காலண்டரில் பார்த்தேன்.

"ஊறுகா கூட வைக்க மாட்டாங்க. அப்புறம், படைக்கிற சோத்த யாரும் உப்பு பாக்க மாட்டாங்க எழிலு. கை மதிப்பா போடறதுதான். கூட ஆயிடப் போவுதுன்னு கொறச்சிதான் போடுவாங்க." மடித்த துணியை மடியிலேயே வைத்துக்கொண்டாள். "ஐயோ. நான்தான்டா கெடுத்துட்டன்."

படைக்கும் நாள் தவிர மற்ற எல்லா நாளும் எங்கள் வீட்டில் உப்பு பார்ப்பது என் வேலை. கரண்டியை எடுத்துக்கொண்டு வருவாள், உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவாள். "உப்பு பாரு." சுடும். நக்கிவிட்டுச் சொல்ல வேண்டும். போதும், கொஞ்சம் போடலாம், இரண்டில் ஒன்று. கல்லூரி முடித்த பிறகும் இது நடந்தது. அவ்வளவு உப்பு பார்த்த வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் அந்தச் சனிக்கிழமை வரை இது தோன்றவில்லை.

திங்கட்கிழமை தேதிவாரியாக உப்பளவு போட்ட ஒரு வரைபடத்தோடு அவளுடன் போனேன். வாசலில் என் கையைப் பிடித்தாள்.

"நீ பேசாத. படம் மட்டும் காட்டு. தப்பு என்னுது, நான்தான் சொல்லணும்."

சொன்னாள். டாக்டர் ரஞ்சனி படிவத்தைப் புரட்டினார்.

"பண்டிகை நாளான்னு ஒரு கேள்வி இருக்கே. நீங்க இல்லைன்னு டிக் பண்ணியிருக்கீங்க."

"அமாவாச பண்டிகை இல்லியே மேடம். அது செத்தவங்க நாளு."

டாக்டர் சிவசங்கரைப் பார்த்தார். "நீங்க இந்த ஊர்தானே? உங்களுக்கும் தோணலையா?"

"வீட்ல அம்மா படைப்பாங்க மேடம். நான் சாப்புடறதோட சரி."

டாக்டர் கிரியாட்டினின் கட்டத்தில் விரல் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "தண்ணி இல்ல. இது தெளிவா இருக்கு. நாங்க முதல்ல இத பாத்திருக்கணும்" என்றார். சிவசங்கர் எழுந்து, "மன்னிச்சிடுங்கக்கா" என்றார். அம்மா டாக்டர் பக்கம் திரும்பி, "நாப்பத்தொரு வீட்டுக்கும் மறுபடியும் கேன் குடுங்க. நான் போறன்" என்றாள்.

இரண்டாவது முறை போவது முதல் முறையைவிடக் கஷ்டம். சிங்கவரத்தில் கோவிந்தசாமி என்று ஒரு பெரியவர். வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேட்டாராம்.

"எம் மூத்திரத்துல இன்னாமே கொற? இன்னொருக்கா கேக்கற?"

"உன்னுதுல கொற இல்லண்ணா. நான் வந்த நாளுல கொற. நீ கருவாடு தின்னுட்டுக் குடு."

"கருவாடு நீ வாங்கியாறியா?"

வாங்கித் தரக் கூடாது. ஆய்வின் விதி. அந்த விதியைத் திண்டிவனம் பஸ் போகும்வரை நின்று அவருக்கு விளக்கியிருக்கிறாள். கடைசியில் கேன் வாங்கிக்கொண்டார்.

முப்பத்தொன்பது வீடுகள் மறுபடி கொடுத்தன. ஒருவர் பெங்களூர் போய்விட்டார். ஒருவர் இறந்துவிட்டார். புதிய சராசரி பத்தே முக்கால். அமாவாசை அளவுகளை டாக்டர் தூக்கியெறியவில்லை. அதே ஆள், இரண்டு நாள், இரண்டு அளவு. ஆய்வுக்காரர்களுக்கு அது எளிதில் கிடைக்காத ஒப்பீடு. அறிக்கையின் கடைசியில் தனி அட்டவணையாகச் சேர்த்தார். அம்மா அதை என் போனில் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இதுதான் என் தப்பா?"

"இதான்."

"அழகா கட்டம் போட்டிருக்காங்க" என்றாள்.

ஆய்வு முடிந்தும் அந்த வீடுகள் அவளை விடவில்லை. பிரஷர் பார்க்கச் சொல்லிக் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு நான் சொல்லியனுப்பாதவர்கள் நிறையப் பேர் வந்தார்கள். எண்ணிப் பார்க்க நினைத்தேன். முடியவில்லை. கோவிந்தசாமி வந்திருந்தார். "உங்கம்மா பொய் எழுத மாட்டா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

இன்று அமாவாசை. அவள் போனபின் முதலாவது. நைனாவுக்கு இத்தனை வருடம் அவள்தான் படைத்தாள். நான் சென்னையில் ஹோட்டலில் தின்றுகொண்டிருந்தேன். இன்று இருவருக்குமாக நானே சமைத்தேன். உதவிக்குப் பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் வந்தார். வாழைக்காய் வறுவல், பூசணிக்காய் சாம்பார். கொதி வந்ததும் என் கை தானாகக் கரண்டியை எடுத்து, இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டது.

"டேய், இன்னா பண்ற? படைக்கிறதுக்கு முன்ன உப்பு பாக்கக் கூடாது."

கையைக் கழுவினேன். கல்லுப்பைக் கை மதிப்பாகப் போட்டேன். கூட ஆகிவிடுமோ என்று கொஞ்சம் திரும்ப எடுத்தேன்.

படைத்தோம். கூரை மேல் வைத்த சோற்றைக் காக்கை உடனே எடுத்தது. பிறகு இலை போட்டு உட்கார்ந்தேன்.

சாம்பாரில் உப்பு குறைவு. பாதிதான் இருக்கும்.

"உப்பு எடுத்தாரட்டுமா?" என்றார் ரத்தினம்மாள்.

"வேணாங்க்கா. சரியா இருக்குது."