கன்னம் உப்பிய பேனர்

எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதில் எங்காவது பிழை இருக்கும். இருக்கட்டும். பிழையில்லாமல் எழுதத் தெரிந்தவர்கள் கூடி ஒரு காரியம் செய்ததை நான் கிட்டே நின்று பார்த்திருக்கிறேன். அதிலிருந்து என் பிழைக்காக நான் வெட்கப்படுவதில்லை.

கல்வராயன் மலையடிவாரத்தில் கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே புதிதாக ஒரு துணைமின் நிலையம் கட்டினார்கள். ஊர்ப் பேர் வேண்டாம். துணைமின் நிலையம் என்றால் ஜல்லி கொட்டிய பெரிய மைதானத்தில், வெட்டவெளியில், கம்பமும் கம்பியுமாக நிற்கும், எல்லாரும் பார்த்திருப்பீர்கள். இது வேறு. எல்லாமே ஒரு மண்டபத்துக்குள். தடித்த அலுமினியக் குழாய்கள், அதற்குள் மின்சாரம் ஓடும் கம்பி, கம்பியைச் சுற்றி ஒரு வாயு. மின்சாரம் எகிறிக் குதிக்காமல் அந்த வாயு அடக்கி வைத்துக்கொள்ளும். அதனால் ஏக்கர் கணக்கில் பரந்து கிடக்க வேண்டியது ஒரு கல்யாண மண்டபத்தில் அடங்கிவிடுகிறது. நிலம் கிடைக்காத இடங்களில் இப்போது இதைத்தான் கட்டுகிறார்களாம். பொருளைக் கண்டுபிடித்தவன் புத்திசாலி. அவனை நான் குறை சொல்லவில்லை. அதை யார் கையில் கொடுத்தான் என்பதுதான் என் பேச்சு.

ஒப்பந்தக் கம்பெனியில் நான் உதவியாள். குழாய்களில் அங்கங்கே கடிகாரம் போல ஒரு மீட்டர் இருக்கும். முள் பச்சையில் நின்றால் உள்ளே வாயு சரி. மஞ்சளுக்கு வந்தால் எங்கோ கசிந்து கம்மியாகிறது என்று அர்த்தம். காலையும் மாலையும் பார்த்து நோட்டில் குறிப்பது என் வேலை. என் சம்சாரம் அதே இடத்தில் கூட்டிப் பெருக்கினாள்.

வாயு நிரப்ப வடக்கேயிருந்து ஒரு ஃபிட்டர் வந்திருந்தான். என்னைவிடச் சின்னவன், தமிழ் அரைகுறை. அவன் ஒருநாள் காலி வாளிக்குள் குழாயை விட்டு வாயுவைத் திறந்தான். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வாசனையும் இல்லை. சிகரெட் பெட்டியில் இருக்கும் வெள்ளித்தாளைப் படகாக மடித்து வாளிக்குள் போட்டான். படகு அடிக்குப் போகவில்லை. பாதியிலேயே, அந்தரத்தில், ஆடிக்கொண்டு நின்றது.

"வெயிட்டு, அண்ணா. கீழ போகும். காத்தை வெளிய தள்ளும். நீ கீழ போனா..." என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினான்.

விஷமெல்லாம் இல்லையாம். பள்ளமான இடத்தில் தேங்கி, மூச்சுக்குக் காற்றில்லாமல் செய்துவிடுமாம். அதற்கப்புறம் பல நாள் கண்ணை மூடினால் அந்தப் படகுதான்.

மண்டபத்துக்கு அடியில் கேபிள் போகும் ஓர் அறை உண்டு. அதன் மூலையில் இடுப்பளவுக் குழி. கசியும் தண்ணீரும் சேறும் அதில் சேரும். அறையின் காற்றை வெளியே தள்ள ஒரு பெரிய விசிறி. அந்தக் காற்று முன்சுவரில் ஆள் உயரத்தில் இருக்கும் ஒரு திறப்பு வழியாக வெளியே வரும். கீழே இறங்குமுன் விசிறியைப் போட வேண்டும், மீட்டரால் ஆக்சிஜன் பார்க்க வேண்டும் என்று இங்கிலீஷில் பலகை மாட்டியிருந்தார்கள். ஆக்சிஜன் குறைந்தால் கத்தும் அந்தக் கைமீட்டர் பீரோவுக்குள், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், பத்திரமாக இருந்தது.

திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தார்கள். திறந்துவைக்க வரும் பெரிய மனிதரின் முகத்தைப் போட்டு முன்சுவர் முழுக்க ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டினார்கள். முகம் மட்டுமே இரண்டு ஆள் உயரம். விசிறியின் திறப்பு சரியாக அவருடைய இடது கன்னத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. விசிறி ஓடினால் கன்னம் உப்பியது. நின்றால் ஒட்டியது. மறுபடி ஓடினால் மறுபடி உப்பியது.

"பெரியவருக்குப் பல்லு வலிடா" என்றான் பெயின்டர்.

சைட் இஞ்சினியர் ஓடிவந்தார். அவர் ஓடி அன்றுதான் பார்த்தேன். "எவன்யா ஃபேனைப் போட்டது? யாராவது வீடியோ எடுத்துப் போட்டா என் வேலை போயிடும். விழா முடியுற வரைக்கும் தொடக்கூடாது!"

பேனரை ஒரு கை தள்ளிக் கட்டலாம் என்று சொல்ல அங்கே ஒருவருக்கும் வாய் வரவில்லை. கட்டிய முகத்தை அவிழ்ப்பது பாவம். விசிறியை நிறுத்துவது நிர்வாகம். ஆக நிறுத்தினார்கள். நான் பயந்தாங்கொள்ளி என்று ஊருக்கே தெரியும். ஆனால் நான் மூச்சுக்குப் பயந்தேன். அவர் ஒரு கன்னத்துக்குப் பயந்தார்.

இரண்டாம் நாள் காலை ஒரு முள் மஞ்சளில் நின்றது. கேபிள் அறைக்கு நேர் மேலே இருக்கும் குழாய். அடியில்தான் குழி.

"வெயில்யா. சூட்டுக்கு முள்ளு ஆடும்" என்றார் இஞ்சினியர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சூட்டுக்கு ஆடாத மாதிரிதான் இதைச் செஞ்சிருக்கான்னு ஃபிட்டரு சொன்னாருங்க."

"நேத்து என்ன எழுதுன?"

"பச்சைங்க."

"அதையே எழுது. ஃபிட்டரு சொன்னாராம். நீ எத்தனாவது படிச்ச?"

சொன்னேன். சிரித்தார். நான் மஞ்சள் என்றுதான் எழுதினேன்.

விழாவுக்கு முந்தின நாள் அந்தக் குழியில் சேறு அள்ளச் சொல்லி என் சம்சாரத்தையும், கூட வேலை செய்த நைனார்பாளையத்து அம்மாவையும் அனுப்பினார்கள். பெரிய மனிதர் கீழேயும் எட்டிப் பார்ப்பாராம். நான் போய்ப் படிக்கட்டை மறித்து நின்றேன்.

"யோவ், வழிய வுடுய்யா. வெயிலு ஏறிக்கினு போவுது" என்றாள் என் சம்சாரம்.

"எறங்காத புள்ள."

"ஏன், உள்ள பாம்பு கீதா?"

"பாம்புன்னா கண்ணுக்குத் தெரியும்."

நைனார்பாளையத்து அம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தது. "உன் வூட்டுக்காரரு பஸ்ஸு டயர அமுக்கிப் பாத்துட்டு ஏறுற ஆளாச்சே. இன்னிக்கு இன்னா புது வியாதி?"

"நான் வர்ற வரைக்கும் எறங்காதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் பீரோவைத் திறந்தேன். உறையைப் பல்லால் கிழித்து மீட்டரை எடுத்தேன். சணல் கயிற்றில் கட்டி, கேபிள் போகும் தரைத் திறப்பு வழியாகக் குழிக்கு நேராக இறக்கினேன். அறையின் பாதி வரை சத்தமில்லை. குழிக்குள் போனதும் கத்த ஆரம்பித்தது. நிறுத்தாமல் கத்தியது.

சத்தம் கேட்டு இஞ்சினியர் வந்தார். "பேட்டரி போயிருக்கும். டுபாக்கூர் பீஸ அனுப்பிட்டானுங்க. நீங்க இறங்குங்கம்மா."

என் சம்சாரம் அவரைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள். பிறகு கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"சாரு மொதல்ல எறங்கட்டும். பின்னாலயே நாங்க வரோம்."

"நான் எதுக்கும்மா சேத்துல இறங்கணும்?" என்று அவர் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார். அந்தப் படிப்பு, அந்தச் சம்பளம், அந்த அதிகாரம் எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரு ஜோடி பூட்ஸைத்தான் காப்பாற்றியது.

வெளியே போய்க் கயிறு அறுக்கும் கத்தியை எடுத்தேன். ரோட்டோரப் பேனர்களில் காற்று போகப் பிறை மாதிரி கிழித்துவிடுவார்களே, அதே மாதிரி இடது கன்னத்தில் ஒரு பிறை, கீழே இன்னொரு பிறை.

"டேய், கிழிக்காதடா! மூஞ்சிடா அது, மூஞ்சி!" என்று பின்னாலிருந்து கத்தினார். அவர் குரல் உடைந்து கேட்டது அப்போது மட்டும்தான். மீட்டர் கத்தியபோது உடையவில்லை.

விசிறியைப் போட்டேன். கிழிசல் வழியாகக் காற்று புஸ்ஸென்று வந்தது. அரைமணி நேரம் கழித்து மீட்டரை இறக்கினேன். குழிக்குள்ளும் அது வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் இருவரும் இறங்கினார்கள். நான் மேலிருந்து மீட்டரை அவள் தலைக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன்.

"அத என் மூஞ்சிக்கு நேரா ஆட்டாதய்யா, வேலை செய்ய வுடு" என்று கீழேயிருந்து திட்டினாள். அந்தத் திட்டு ஒவ்வொன்றும் எனக்கு இனித்தது. திட்டுவதற்கு மூச்சு வேண்டும்.

மதியமே கள்ளக்குறிச்சியிலிருந்து புது பேனர் வந்தது. அதையும் அதே இடத்தில்தான் கட்டினார்கள். மறுநாள் விழா முடிந்ததும் என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காரணம், படத்தை அவமதித்தேனாம். ஒரு வாரம் கழித்து அந்த ஃபிட்டரைத் திரும்ப வரவழைத்து, மஞ்சள் காட்டிய அந்தக் குழாயில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தை மாற்றினார்களாம். வழக்கமான பராமரிப்பு என்று எழுதிக்கொண்டார்களாம். எழுதட்டும். எழுதத்தானே படித்தார்கள்.

நான் இப்போது தியாகதுருகத்தில் ஒரு மண்டியில் மூட்டைக்குக் காவல் இருக்கிறேன். சம்சாரம் இன்னும் அங்கேதான். கீழே போகச் சொன்னால், முதலில் மீட்டர் இறங்கட்டும் என்று படியில் உட்கார்ந்துவிடுகிறாளாம். இஞ்சினியர் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டுகிறாராம். இவள் வெற்றிலையை மென்றுகொண்டு, "ஆவட்டும் சார், நாங்க எங்க ஓடிடப் போறோம்" என்கிறாளாம். கடைசியில் அவரே முனகிக்கொண்டு கயிற்றைப் பிடித்து இறக்குகிறாராம்.

சாயங்காலம் அவள் வந்ததும் வாசலிலேயே கேட்பேன். "எவ்ளோ நேரம் ஃபேனு ஓடுச்சு? குழி வரைக்கும் எறக்குனாரா, பாதியிலயே தூக்கிட்டாரா?"

"மொதல்ல காலு கழுவ வுடுய்யா" என்பாள்.