இரண்டாவது அழைப்பு

கடல் கடந்து மேற்படிப்புக்கு வந்த அந்தப் பெண்ணுக்குப் பாடங்கள் ஒன்றும் மலையாகத் தெரியவில்லை. தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. வீட்டில் அவள் தட்டில் கை வைக்க நாலு பேர் உண்டு. இங்கே, விடுதியின் பொதுச் சமையலறையில், ஃப்ரிட்ஜ் உறுமுவதைக் கேட்டுக்கொண்டே விழுங்கினாள். நாள் முழுக்க ஒருவரோடும் பேசாமல் போனதை நினைத்துச் சில நாள் அழவும் செய்தாள்.

எதிர் அறையில் இருந்த சுருட்டைமுடிக்காரி ஒரு சனிக்கிழமை கதவைத் தட்டினாள். "நாங்கல்லாம் வெளிய சாப்பிடப் போறோம். நீயும் வர்றியா?"

மனசு துள்ளியது. வாய் மட்டும் வீட்டில் பழகிய வழியிலேயே போனது. "ஐயோ, பரவாயில்ல. நீங்க போயிட்டு வாங்க."

கூப்பிட்டதும் கிளம்புகிறவளை அவள் வீட்டில் பறக்காவெட்டி என்பார்கள். முதலில் வேண்டாம் என்பது நம் வேலை. "அதெல்லாம் முடியாது, வந்தே ஆகணும்" என்று கையைப் பிடித்து இழுப்பது கூப்பிட்டவர் வேலை. அந்த இழுப்புக்காக இவள் செருப்பைக்கூட மாட்டிக்கொண்டு நின்றாள். சுருட்டைமுடிக்காரியோ, "சரி" என்று சிரித்துவிட்டுப் போயே போய்விட்டாள்.

"ஒரு தடவை கூப்பிட்டதுக்கே ஓடியிருந்தா என்ன நெனச்சிருப்பாங்க? நல்லவேளை" என்றாள் அம்மா போனில். மகளுக்கு அழுகை முட்டியது.

அடுத்த சனிக்கிழமையும் கதவு தட்டப்பட்டது. பாழாய்ப்போன நாக்கு மறுபடியும் "பரவாயில்ல" என்றது.

அதற்கடுத்த வாரம் தலையை வாரிக்கொண்டு, "வர்றேன், வர்றேன்" என்று சொல்லிப் பழகியபடி கட்டிலில் காத்திருந்தாள். வெளியே காலடிச் சத்தம் கேட்டது.

"அவளக் கூப்பிடலையா?" என்றது ஒரு குரல்.

"பாவம், விடு. அவளுக்குத் தனியா இருக்கத்தான் பிடிக்கும் போல. சும்மா சும்மா தொந்தரவு பண்ணக்கூடாது" என்றாள் சுருட்டைமுடிக்காரி.

அக்கறையாகத்தான் சொன்னாள். அதுதான் இவளுக்கு வலித்தது. கூப்பிடாமல் போவதா என்று மானம் பிடித்து இழுத்தது. ஆனால் இன்றைக்கு விட்டால் இனி இந்தக் கதவை யாரும் தட்டப்போவதில்லை. கதவைத் திறந்துகொண்டு படிக்கட்டுக்கு ஓடினாள்.

"நானும் வர்றேன்!" சண்டைக்குப் போகிறவள்போலக் கத்திவிட்டாள்.

எல்லோரும் திரும்பினார்கள். "வாயேன், அதுக்கென்ன?" என்றாள் சுருட்டைமுடிக்காரி.

சாப்பாட்டு மேசையில் எல்லோரும் எதற்கோ சிரித்தார்கள். எதற்கென்று புரியாமலே இவளும் சிரித்தாள். அப்போது அம்மாவின் போன் வந்தது.

"எங்கடி இருக்கே, இவ்ளோ சத்தம்?"

"கூடப் படிக்கிறவங்களோட சாப்பிட வந்திருக்கேம்மா."

"வருந்தி வருந்திக் கூப்பிட்டாங்களா?"

அவள் தட்டைப் பார்த்தாள்.

"ஆமாம்மா. விடவே மாட்டேன்னுட்டாங்க."