தொட்டியில் திரிந்த ரப்பர் பால்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அம்பத்தூரில் பலூன் செய்யும் சிறிய தொழிற்சாலையொன்றில் நான் கெமிஸ்ட்டாக இருந்தேன். அங்கே ரப்பர் பாலில் தண்ணீர் கலப்பவர் ஒல்லியான மனிதர். அவர் கைமுடியில் எப்போதும் காய்ந்த ரப்பர் ஒட்டியிருக்கும். தண்ணீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்காமல் ஊற்ற மாட்டார்.

ஒரு கோடையில் லாரித் தண்ணீர் வரவில்லை. புதிதாகப் போட்ட போர்வெல் தண்ணீரை ஊற்றச் சொன்னேன்.

“கரிக்குது சார். ஊத்துனா பால் திரிஞ்சிடும்.”

“கெமிஸ்ட் நீயா, நானா? ஊத்துய்யா.”

ஊற்றினார். ரப்பர் துகள்கள் ஒன்றையொன்று தள்ளி விலகி நிற்பதால்தான் பால் பாலாக இருக்கிறது. தண்ணீரில் கரைந்த உப்பு அந்தத் தள்ளலை அடக்கிவிட்டால் அவை ஒட்டிக்கொள்ளும். கல்லூரியில் நான் படித்ததுதான். ஒரு மணி நேரத்தில் தொட்டி முழுக்கக் கட்டி கட்டியாகிவிட்டது.

“எவன்டா ஊத்துனது?” என்று முதலாளி கத்தினார். நான் வாயைத் திறக்கவில்லை.

“நான்தான் சார்” என்றார் அவர். அன்றே அவருக்கு வேலை போயிற்று.

கேட்டுக்கு வெளியே ஓடிப்போய், “ஏன் நான்தான் ஊத்தச் சொன்னேன்னு சொல்லல?” என்று கேட்டேன்.

“நீங்களே சொல்வீங்கன்னு பாத்துகினு இருந்தேன் சார்.”

அவர் குரலில் கோபமே இல்லை. மேனாம்பேடு பக்கமாக சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். முதலாளி அப்போதும் உள்ளேதான் இருந்தார். நான் போய்ச் சொல்லவில்லை.